பேயாகக்கூட நினைக்கப்படாதவர்கள்



கடந்த பள்ளி விடுமுறையில் பினாங்கில் வசிக்கும் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் மாலை, தமக்கையின் மகன்கள் இருவரும் என் மகளும் கைப்பேசியில் ஒரு பட்டியலோடு வந்து நின்றனர். ஜோர்ஜ்டவுன் பழைய நகரில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களின் பட்டியல் அது. வழிகாட்டி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம்.

"சின்னம்மா, நீங்க வந்தாத்தான் அம்மா விடுவாங்க" என்றான் மூத்தவன்.

தமக்கைக்குச் சினம் வந்துவிட்டது. "பொழுது சாயுற நேரத்துல பிள்ளைங்களக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? நீ ஒரு டீச்சரு!" என்றார்.

அந்தச் சொல்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆசிரியை என்பதால் நான் போகக் கூடாதா? அல்லது ஆசிரியை என்பதால்தான் போக வேண்டுமா? போக வேண்டும் என்பதே என் முடிவு. அதன் காரணத்தையே இங்கு எழுத விழைகிறேன்.

இருட்டும் முன்பே ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் உள்ள பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தை அடைந்தோம். கெம்போஜா மரங்களின் கீழே கற்கள் சாய்ந்து கிடக்கின்றன. பூவின் மணம் வந்ததும் இளையவன் என் கையைப் பற்றிக்கொண்டான். கெம்போஜா மணத்தோடு பொந்தியானாக் வரும் என்று அவன் வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பொந்தியானாக் யார் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோன பெண்ணே பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் மக்களின் நம்பிக்கை. மருத்துவமனைகள் இல்லாத காலத்தில் எத்தனை தாய்மார்கள் அவ்வாறு இறந்திருப்பார்கள்! அந்தத் துயரந்தான் கதையாகி, பிறகு அச்சமாகி நம்மிடம் வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் அவன் என் கையை விட்டான். அச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், "பாவம்" என்றான்.

அங்கே 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் கல்லறை இருக்கிறது. 1786இல் இத்தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை அமைத்தவர் அவர். தாய்லாந்து அரசவையில் ஆங்கிலம் கற்பித்த அன்னா லியோனோவென்சின் கணவர் தாமசும் 1859இல் இறந்து அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் பெயர்களையும் ஆண்டுகளையும் படித்தார்கள். கழித்து வயதைக் கணக்கிட்டார்கள். சொல்லாமலேயே கணிதப் பாடம் ஒன்று நடந்தது.

அங்கிருந்து லெபோ ஃபார்குவார் வழியே செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்திற்கும், பிறகு காரன்வாலிஸ் கோட்டைக்கும் நடந்தோம். கோட்டைச் சுவரருகே நின்று பட்டியலைப் பார்த்த என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்:

"இதுல எல்லாம் வெள்ளைக்காரப் பேய், சீனப் பேயாத்தான் இருக்கு. நம்ம ஆளு பேய் ஒண்ணுகூட இல்லையாம்மா?"

அக்காள் மக்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் சாய்ந்து நின்ற அந்தக் கோட்டை முதலில் மர வேலியாகத்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செங்கல்லால் எழுப்பிய உழைப்பு, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளுடையது. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயமும் அவர்கள் கைவண்ணமே. காலில் விலங்கோடு கல் சுமந்தவர்கள் எத்தனையோ பேர் இந்த மண்ணிலேயே மாண்டனர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. ஒரு பேய்க்கதைகூட இல்லை. பேயாக நினைக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்போலும்!

அன்று அந்தத் திடலில் அமர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். கதையன்று, வரலாறு.

1801 அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு சேர்ந்து போரிட்டவர்களில் 70க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி இந்தப் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தினார்கள். அவர்களுள் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்பொழுது அவனுக்கு வயது ஏறத்தாழ 15. நம் இரண்டாம் படிவ மாணவனைவிட ஓராண்டு மூத்தவன், அவ்வளவுதான்.

அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் பணியாற்றிய படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1818இல் பினாங்கிற்கு வருகிறார். போருக்கு முன்பு சின்ன மருதுவோடு நட்பாகப் பழகியவர் அவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடமே கற்றவர். ஒரு நாள் அவரது இருப்பிடத்திற்குள் தளர்ந்துபோன ஒரு மனிதர் வந்து நிற்கிறார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்கிறார். வந்தவர் துரைசாமி! முப்பதைச் சற்றே தாண்டிய வயதில் முதியவரைப் போல் ஆகியிருந்தார். இதை வெல்ஷே தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் மூவரும் சற்று நேரம் பேசவில்லை. "அவரு பேயா வரலையே, உயிரோடல்ல வந்தாரு" என்றான் இளையவன். எந்த வெள்ளை உடைப் பேயும் அன்று அவர்களை அவ்வளவு தொடவில்லை.

பெற்றோர்களே, பேய் உண்டா இல்லையா என்ற வாதத்திற்குள் நான் நுழையவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழக விடுதியில் நானும் இரவில் குளியலறைக்குத் தனியே போக அஞ்சியவள்தான். "ஜப்பான்காரன் காலத்தில் இங்கேதான் தலையை வெட்டினார்கள்" என்று மூத்த மாணவிகள் சொல்வார்கள். இந்நாட்டில் அப்படிச் சொல்லப்படாத பழைய பள்ளியோ விடுதியோ அரிது. ஆனால் அதே காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1942க்கும் 1945க்கும் இடையே பல்லாயிரக்கணக்கில் மடிந்த நம் தோட்டத் தமிழர்களைப் பற்றி அந்த விடுதியில் எவரும் பேசியதில்லை. தலையில்லாப் பேயைத் தெரிந்த எனக்கு அவர்களைத் தெரியவில்லை. இதுவே என் மனக்குறை.

நம் சீன அண்டை வீட்டாரைப் பாருங்கள். அவர்களின் ஏழாம் மாதத்தில் பினாங்குத் தெருக்களில் மேடை போட்டுக் கூத்து நடத்துவார்கள். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவார்கள்; அவை இறந்தவர்களுக்குரிய இருக்கைகள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நாமும் ஆடி அமாவாசையில் முன்னோருக்குப் படையல் வைக்கிறோம். இறந்தவரை விருந்தினராக மதிக்கும் பண்பு நம் இரு சமூகத்தாருக்கும் உண்டு. அதைப் பிள்ளைகளிடம் வெறும் அச்சமாக மட்டும் கொண்டு சேர்ப்பது நம் பிழையல்லவா?

இதற்கு மறுப்புரைகள் வரும் என்பதை அறிவேன். பிள்ளை இரவில் அலறினால் யார் பொறுப்பு என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே சில வரையறைகள் வேண்டும். நடை இருட்டுவதற்குள் முடிய வேண்டும். மிகவும் அஞ்சும் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. பாழடைந்த கட்டடங்களுக்குள் நுழையவே கூடாது. கல்லறை மீது ஏறுவதும் வழிபாட்டுத் தலங்களில் கூச்சலிடுவதும் ஆகா. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இங்கே இறந்தவர் யார்? எந்த ஆண்டு? ஏன்?

இந்த மூன்று கேள்விகளையும் லெபோ கெனனில் கேட்டுப் பாருங்கள். 1867 ஆகஸ்டில் இரு இரகசியக் கும்பல்கள் பத்து நாள் மோதிக்கொண்ட கலவரத்தில் பீரங்கிக் குண்டுகள் துளைத்த இடம் அது. தெருவின் பெயரே அதனால் வந்தது என்பர். அருகிலுள்ள கூ கொங்சி மாளிகை 1901இல் எரிந்தபோது, அரண்மனைபோல் கட்டியதால் தெய்வம் சினந்தது என்றார்கள். வதந்தி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா?

பினாங்கில் மட்டுந்தான் என்றில்லை. சிங்கப்பூர் ஆசிரியர்களே, 1861இல் கட்டி முடிக்கப்பட்ட உங்கள் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பே. அங்கும் பிள்ளைகளை நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியபோது தமக்கை வாசலிலேயே நின்றிருந்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கைகால் கழுவி வரச் சொல்லித் திருநீறு பூசினார். அதுவும் இருக்கட்டும் என்றே நானும் நெற்றியைக் காட்டினேன். பிறகு மூத்தவன் தன் பட்டியலில் கோட்டைக்கு நேராக ஒரு வரி சேர்த்திருப்பதைக் காட்டினான்: 'துரைசாமி, வயது 15, சிவகங்கை.'

உங்கள் ஊர்ப் பட்டியலில் எவர் பெயர் விடுபட்டிருக்கிறது? தேடிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன், உங்கள் ஆசிரியை.