வெயில் ஏசுகிறதா?

"அவன் ஏசலைம்மா, வெயில் ஏசுது!"

கடையத்தில் ஒரு மாமியார் மருமகளுக்குச் சொன்ன சமாதானம் இது. ரசத்தில் உப்புக் குறைந்ததற்காக மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டானாம்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. உடம்பின் சூடு தணிந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். புழுக்கத்தில் தூக்கம் கெட்டால், மறுநாள் கடுகும் மலையாகத் தெரியும். குற்றாலத்துச் சாரலுக்கோ ஆனியும் ஆடியும்தான் காலம். சித்திரையில் என்ன செய்வது?

முதலில் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். படுக்கப் போகுமுன் குளியுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மாலைக்குப் பிறகு காப்பியும் வேண்டாம்.

வெயில் ஏறுமுன் கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். 1918 டிசம்பரில் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், மனைவி செல்லம்மாளின் ஊரான இதே கடையத்துக்கு வந்து 1920 வரை வாழ்ந்தார். மலையடிவாரத்து நித்யகல்யாணி அம்மன் கோயில் அவர் நாடிச் சென்ற இடம். அந்த மலைக்காற்றுக்கு இன்றும் கட்டணம் கிடையாது!

ஆனால், இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வாழ்வே வெறுக்கிறது என்றால், வெயில்மேல் பழி போடாதீர்கள். வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் சாரல் விழட்டும் என்று காத்திராதீர்கள்!