ரூ. 200 கோடி மான நஷ்ட வழக்கு: எந்தச் சொல்லுக்காக, யாருடைய மானத்துக்காக?

புது தில்லி: திருமலை திருப்பதி தேவஸ்தானம், தன் தலைமை அர்ச்சகராக இருந்த ஏ.வி. ரமண தீட்சிதுலு மீதும், அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வி. விஜயசாய் ரெட்டி மீதும் 200 கோடி ரூபாய் கேட்டு 2018-ம் ஆண்டு திருப்பதி நீதிமன்றத்தில் மான நஷ்ட வழக்குத் தொடுத்தது. தொகை பெரியது, வாதி பெரியவர். அதனால் தில்லி வரை அந்த வழக்கு பேசப்பட்டது. ஆனால் அத்தகைய வழக்கில் வழக்குரை என்னென்ன சொல்லியாக வேண்டும், அதைத் தேவஸ்தானத்தால் சொல்ல முடியுமா என்பதைப் பற்றி அப்போது யாரும் அதிகம் கவலைப்படவில்லை. வழக்கின் உயிர் அங்கேதான் இருந்தது.

நடந்ததை வரிசையாக நினைவுகூர்வது நல்லது. 2018 மே 15 அன்று ரமண தீட்சிதுலு சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்தார். மைசூர் மகாராஜா 1945-ல் அளித்த ஆரத்தில் இருந்த இளஞ்சிவப்பு வைரத்தைக் காணவில்லை, கோயில் மடப்பள்ளியில் ரகசியமாகத் தோண்டியிருக்கிறார்கள், கைங்கர்யங்கள் ஆகம விதிப்படி நடைபெறவில்லை என்பவை அவர் அடுக்கிய புகார்களில் முக்கியமானவை. மறுநாள் கூடிய அறங்காவலர் குழு, 65 வயதைக் கடந்த அர்ச்சகர்கள் ஓய்வு பெற வேண்டும் என்று தீர்மானித்தது. ரமண தீட்சிதுலுவும் மேலும் மூன்று தலைமை அர்ச்சகர்களும் பதவி இழந்தனர். காணாமற்போனதாகச் சொல்லப்படுவது வைரமே அல்ல, மாணிக்கக் கல். 2001-ல் கருட சேவையின்போது பக்தர்கள் வீசிய நாணயங்கள் பட்டு அது உடைந்தது என்று தேவஸ்தானம் விளக்கம் அளித்தது.

பேட்டிக்கும் தீர்மானத்துக்கும் இடையே ஓர் இரவுதான். அந்த இடைவெளி இல்லாமையே தகராறின் மையம். வயது வரம்பு எல்லோருக்கும் பொதுவானது என்றது நிர்வாகம். வாயைத் திறந்ததற்கான தண்டனை இது, பரம்பரை அர்ச்சகருக்கு ஓய்வு வயதே கிடையாது என்றது எதிர்த்தரப்பு. அதாவது, இது அடிப்படையில் ஒரு பணித் தகராறு. ஒருவரைக் குறிவைத்து விதியை வளைத்தார்கள் என்ற பாரபட்சப் புகார்.

அந்தத் தகராறுக்கு நீண்ட வரலாறு உண்டு. திருமலையில் நான்கு மிராசுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வழிபாட்டை நடத்தி, பிரசாதத்திலும் காணிக்கையிலும் பங்கு பெற்றுவந்தன. நீதிபதி செல்லா கொண்டய்யா ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, என்.டி. ராமராவ் ஆட்சியில் இயற்றப்பட்ட 1987-ம் ஆண்டு ஆந்திர அறநிலையச் சட்டம் பரம்பரை உரிமையை ஒழித்தது. ஏ.எஸ். நாராயண தீட்சிதுலு தொடுத்த வழக்கில் 1996 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. அர்ச்சகர் நியமனம் உலகியல் சார்ந்த செயல், அதை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். பிறகு 2007-ல் கொண்டுவந்த திருத்தம் பரம்பரைக் குடும்பங்களுக்கு ஓரளவு இடம் கொடுத்தது. ஆகவே திருமலை அர்ச்சகர் ஊழியரா, உரிமைதாரரா என்ற கேள்வி 2018-ல் மீண்டும் திறந்துகொண்டது. திருச்சானூர் கோயில் அர்ச்சகர்களின் வழக்கில் 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பரம்பரை அர்ச்சகர்களுக்குச் சாதகமாகவே அமைந்தது.

இப்படிப்பட்ட ஒரு தகராறில் பேசப்பட்ட பேச்சை மான நஷ்ட வழக்காக மாற்ற விரும்பும் வாதி, முதலில் செய்ய வேண்டிய வேலை மிக எளிமையானதாகத் தோன்றும்: அவதூறான சொற்களை அப்படியே எடுத்து எழுத வேண்டும். "எங்களைப் பற்றி இழிவாகப் பேசினார்", "நிர்வாகத்தின் மீது சேற்றை வாரி இறைத்தார்" என்று பொருளைச் சுருக்கிச் சொன்னால் போதாது. பேசியது தெலுங்கு என்றால் தெலுங்குச் சொற்களையே தர வேண்டும், உடன் மொழிபெயர்ப்பு வேண்டும். என்று, எங்கே, யார் முன்னிலையில், எந்தப் பத்திரிகையில் அல்லது தொலைக்காட்சியில் என்ற விவரங்களும் வேண்டும். சொற்கள் மேலோட்டத்தில் சாதுவாக இருந்து உள்ளே குத்தல் இருந்தால், அந்த உட்பொருளை எந்தப் பின்னணி உண்மைகளிலிருந்து கேட்பவர் புரிந்துகொள்வார் என்பதையும் தனியே எழுதிக் காட்ட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-வது கட்டளை, அடிப்படை உண்மைகளைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்கிறது. 7-வது கட்டளையின் 11-வது விதியோ, வழக்கு மூலமே வெளிப்படாத வழக்குரையை நீதிமன்றம் தொடக்கத்திலேயே நிராகரிக்க வழிசெய்கிறது.

இது வக்கீல்களின் சம்பிரதாயம் என்று தள்ளிவிடக் கூடாது. பிரதிவாதிக்கு உள்ள முதன்மையான தற்காப்பு, தான் சொன்னது உண்மை என்பது. எந்தச் சொல் என்று தெரியாமல் எதை உண்மை என்று நிறுவுவார்? "வைரம் காணவில்லை" என்பது ஒரு கூற்று. "வைரத்தை இன்னார் விற்றுவிட்டார்" என்பது முற்றிலும் வேறு கூற்று. முதலாவதற்குப் பதிவேட்டையும் நகையையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு ஒரு குற்றத்தையே நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகம விதி மீறப்பட்டது என்ற மூன்றாவது வகைப் பேச்சு, பெரும்பாலும் ஒரு வைகானச அர்ச்சகரின் கருத்து. நியாயமான விமர்சனம் என்ற தற்காப்புக்கு உரியது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 200 கோடி என்று விலை எழுதுவது வாதிக்கு வசதி; எதிரே நிற்பவருக்கு அநீதி.

தீய எண்ணம் பற்றிய விதி சற்று விசித்திரமானது. 6-வது கட்டளையின் 10-வது விதிப்படி, தீய எண்ணம் இருந்தது என்று ஓர் உண்மையாகக் கூறினால் வழக்குரைக்கு அது போதும். அதை ஊகிக்கத் தூண்டும் சூழ்நிலைகளை விரித்து எழுதத் தேவையில்லை. ஆனால் பணியிடத் தகராறுகளில் சாட்சியக் கட்டம் வரும்போது இதுதான் வாதியின் தலைவலி. ஊழியர் ஒருவர் தனக்கு மேலதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் அளிக்கும் புகாருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவின் எட்டாவது விலக்கு சொன்னது இதையே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவும் இதையே சொல்கிறது. ரமண தீட்சிதுலு இதே புகார்களை நிர்வாக அதிகாரிக்கோ அரசுக்கோ மட்டும் எழுதியிருந்தால் அவர் நிலை வேறு. சென்னையில் ஒலிபெருக்கி முன் அமர்ந்தபோது அந்தக் கவசத்தைப் பெருமளவு கழற்றிவைத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

சென்னையில் பேசியதற்குத் திருப்பதியில் வழக்கா என்றும் கேட்கலாம். அது பெரிய தடையல்ல. தவறு நிகழ்ந்த இடத்திலோ பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ தொடுக்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 19-வது பிரிவு. அவர் பேச்சை மறுநாள் காலை திருப்பதி முழுவதும் படித்தது. காலவரையறைதான் கண்டிப்பானது: ஓராண்டு.

உண்மையான தடை வேறு இடத்தில் இருந்தது. அவதூறு வழக்கில் இழிவு "என்னைக் குறித்தது" என்று வாதி காட்ட வேண்டும். இங்கே வாதி யார்? ஏழுமலையானா, அவர் பெயரால் சொத்தை நிர்வகிக்கும் குழுவா, நகைக் காவலுக்குப் பொறுப்பான அதிகாரிகளா? விஜயசாய் ரெட்டியின் பேச்சில் இச்சிக்கல் இன்னும் வெளிப்படை. அவர் விரல் நீட்டியது அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவை நோக்கி. நகைகள் அவர் வீட்டில் இருப்பதாகவும், அங்கே சோதனை போட வேண்டும் என்றும் பேசினார். நிரூபிக்கப்படாத அக்குற்றச்சாட்டால் ஒருவர் மானம் குலைந்தது என்றால் அது நாயுடுவின் மானம். அவர் தம் பெயரில் வழக்குத் தொடுத்திருக்க முடியும். கோயில் தொடுத்தது.

அதற்கும் மேலே ஒரு கேள்வி நிற்கிறது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த வழக்கிலிருந்து வருவது அது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக "நக்கீரன்" ஆசிரியர் ராஜகோபால் தொடர்ந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசும், உள்ளாட்சி அமைப்புகளும், அரசு அதிகாரத்தைச் செலுத்தும் பிற அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றார் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி. அதிகாரிகளின் பணி சார்ந்த நடத்தையை விமர்சித்தால்கூட, அது பொய் என்பதுடன் உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் சொல்லப்பட்டது என்று காட்ட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. பிரிட்டனில் ஓராண்டு முன்னதாக டெர்பிஷையர் கவுன்டி கவுன்சில் வழக்கில் பிரபுக்கள் சபை வகுத்த கொள்கையின் தொடர்ச்சி இது. குடிமக்கள் பணத்தில் நடக்கும் அமைப்பு அதே பணத்தைக் கொண்டு குடிமக்களின் வாயை அடைக்கக் கூடாது என்பது இதன் தர்க்கம்.

தேவஸ்தானம் இந்த வரம்புக்குள் வருமா? வரும் என்று வாதிட நிறைய இருக்கிறது. சட்டத்தால் ஆளப்படும் அமைப்பு. அறங்காவலர் குழுவை நியமிப்பது மாநில அரசு. நிர்வாக அதிகாரி பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வராது என்பவர்கள், கோயிலின் பணம் பக்தர்களின் காணிக்கை, வரிப் பணம் அல்ல. வழிபாட்டை நடத்துவது அரசு அதிகாரம் அல்ல என்பார்கள். ஒரு விஷயம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. அர்ச்சகரின் பரம்பரை உரிமையை ஒழித்தபோது அர்ச்சகர் பணி உலகியல் சார்ந்தது, அரசு கைவைக்கலாம் என்றார்கள். அதே அமைப்பு மான நஷ்ட வழக்குத் தொடுக்க வரும்போது தன்னைப் பக்தியின் திருவுருவாகக் காட்டிக்கொள்கிறது. வழக்கு முறையாக நடந்திருந்தால் இந்த இரட்டை வேடத்துக்கு ஒரு நீதிபதி விளக்கம் கேட்டிருப்பார்.

அப்படி நடக்கவில்லை. 2019 மே மாதம் ஆட்சி மாறியது. விஜயசாய் ரெட்டியின் கட்சி ஆளும் கட்சியானது. ரமண தீட்சிதுலு ஆகம ஆலோசகராகத் திரும்பினார். 2020-ல் தேவஸ்தானம், தானே தொடுத்த வழக்கிலிருந்து விலக முன்வந்தது. நீதிமன்றக் கட்டணமாக மட்டும் சுமார் 2 கோடி ரூபாய் செலுத்தப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. உண்டியலில் விழுந்த பணம் அது. 200 கோடி ரூபாய் அளவுக்குக் காயப்பட்ட மானம் ஒரு தேர்தலில் ஆறிப்போனது எப்படி என்று பக்தர்கள் கேட்டதில் வியப்பில்லை. வைரமா மாணிக்கமா என்பது குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படும் வாய்ப்பும் இதனால் நழுவியது.

தலைநகரில் நடந்த இன்னொரு வழக்கை இதனருகே வைத்துப் பார்க்கலாம். பத்திரிகையாளர் பிரியா ரமணி, தம்மை 1993-ல் வேலைக்கான நேர்காணலுக்கு அழைத்த எம்.ஜே. அக்பரின் நடத்தையைப் பற்றி எழுதியதற்காக, 2018 அக்டோபரில் அக்பர் அவர் மீது குற்றவியல் அவதூறுப் புகார் அளித்தார். அங்கே சொற்கள் திட்டவட்டமானவை, வாதி தனிமனிதர், குறிப்பு தெளிவு. ஆகவே விசாரணை முழுமையாக நடந்தது; 2021 பிப்ரவரி 17 அன்று ரமணி விடுவிக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துச் சொன்னாலும், புகார் மன்றத்துக்கு வெளியே சொன்னாலும் பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. மேல்முறையீடு 2022 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு ஏற்கப்பட்டது. முடிவை யார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அவதூறு வழக்கு எழுப்ப வேண்டிய கேள்விகளை அவ்வழக்கு எழுப்பியது.

திருமலைக் கதை அதன் பிறகும் ஓயவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பைச் சுட்டி 2021 ஏப்ரலில் ஓய்வுபெற்ற பரம்பரை அர்ச்சகர்கள் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டனர். 2024 பிப்ரவரியில், நிர்வாகத்தைக் குறைகூறும் ஒரு காணொலி பரவியதைத் தொடர்ந்து, அதே ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சிக் காலத்திலேயே ரமண தீட்சிதுலு கௌரவத் தலைமை அர்ச்சகர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். இம்முறை தேவஸ்தானம் சென்றது காவல் நிலையத்துக்கு.

நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் பேசுவதற்கு அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு முழுப் பாதுகாப்பு தருகிறது. விஜயசாய் ரெட்டி நகைகளைப் பற்றி அவைக்குள் பேசியிருந்தால் எந்த நீதிமன்றமும் அவரை அழைத்திருக்க முடியாது. அர்ச்சகருக்கோ குமாஸ்தாவுக்கோ அப்படி ஓர் அவை கிடையாது. பொது ஊழியர்களின் முறைகேடுகளை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை மட்டும் வரவில்லை. அதற்குள்ளாகவே அச்சட்டத்தைத் திருத்த 2015 மே மாதம் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிலுவையில் இருந்த அது, 2019-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது.