பக்கத்தில் அமர்த்தினால் போதுமா?

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 47, நாம் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இங்கிருந்துகொண்டு, “நம் பிள்ளைகள் நம் பள்ளியில் மட்டும் படித்தால்தான் ஈமான் காக்கப்படும்” என்று நம்மில் சிலர் பேசுவது விந்தையே. பத்ருப் போர்க் கைதிகளில் எழுத்தறிந்தோர் மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) ஏற்பாடு செய்ததைச் சீறா நூல்கள் கூறுகின்றன. அந்த ஆசிரியர்கள் எதிர்த்துப் போரிட்டவர்கள்! இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் அருட்பா விவாதத்தில் வள்ளலார் பக்கம் நின்றார்; அதனால் அவர் ஈமான் குறைந்ததா?

ஆனால் கலந்து அமர்த்திவிட்டோம் என்று பெருமை பேசும் பள்ளிகளையும் நாம் விடுவதற்கில்லை. 1982இல் மண்டைக்காட்டில் மோதிக்கொண்டவர்கள் அந்நியர் அல்லர். தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் பார்த்தே வாழ்ந்த அண்டை ஊரார். பார்ப்பது வேறு, அறிவது வேறு.

இன்று ‘குழுச் செயல்பாடு’ என்ற பெயரில் நடப்பது என்ன? ஐந்து பிள்ளைகள் ஓர் அட்டையைச் சுற்றி அமர்வர். கையெழுத்து நன்றாயுள்ள ஒருத்தி எழுதுவாள்; மற்றவர் வேடிக்கை பார்ப்பர்; மதிப்பெண் மட்டும் அனைவர்க்கும் சமம்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை மூண்டது. 1971இல் எலியட் ஆரன்சன் என்னும் உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் பகுதியைக் கற்று அவரவர் மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும் தனித்தனியே. ஏளனம் செய்த பிள்ளையின் வாய்ச்சொல்லுக்கே காதைத் தீட்ட வேண்டிய நிலை!

குழித்துறையில் இதற்குப் பாடம் தேடி அலைய வேண்டுமா? நம் தாமிரபரணி இருக்கிறது. பேச்சிப்பாறை அணை கண்ட கோதையாறு ஒரு பிள்ளைக்கு. பெருஞ்சாணியின் பறளியாறு இன்னொன்றுக்கு. இரண்டும் சேர்ந்து குழித்துறை தாண்டுவது மூன்றாவதற்கு. தேங்காய்ப்பட்டினத்தில் கடல் சேர்வது, அவ்வூரிலிருந்து வரும் நம் பிள்ளைக்கு. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை சொல்லாமல் கடற்கரைப் பிள்ளைக்கு ஆறு பாதிதான் தெரியும். வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை தடுமாறினாலும் மற்றவர் பொறுத்துக் கேட்பர். கேட்டே ஆக வேண்டும்.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். சத்துணவையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்கும் நாம், அடுத்த கூட்டத்தில் இதையும் கேட்போம்: எங்கள் பிள்ளை குழுவில் எந்தப் பகுதியைக் கற்பித்தது? யாரிடமிருந்து எதைக் கற்றது?