கடைசிப் பந்துக்கு மட்டும்தான் கூலியா?

கூலி கேட்கிறவருக்கு ஒரு கணக்கு. கொடுக்கிறவருக்கு வேறு கணக்கு. உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கும் இந்தத் தகராறு உண்டு.

அங்கே 1974 முதல் சம்பள வழக்கை நடுவர்கள் விசாரிக்கிறார்கள். சுமார் 3 ஆண்டு ஆடிய பிறகுதான் ஆட்டக்காரர் அங்கே போகலாம். அதற்கு முன்பு அணி கொடுப்பதுதான் சம்பளம். ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார். அணி ஒரு தொகை சொல்லும். நம் ஊர்ப் பெரியவர்கள் என்றால் "பாதிக்குப் பாதி" என்று பேசி முடிப்பார்கள். அங்கே அந்தப் பேச்சே கிடையாது! இரண்டில் ஒன்றைத்தான் நடுவர்கள் கொடுக்க வேண்டும். அதற்குப் பயந்தே பலர் விசாரணைக்கு முன்பு சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

2017-ல் ஒரு வழக்கு வந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெலின் பெட்டான்சஸ் 50 லட்சம் டாலர் கேட்டார். அணி 30 லட்சம் என்றது.

இவர் என்ன வேலை செய்தார்? பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். முதலில் பந்து எறிகிறவர் களைத்துப் போனால், மைதானத்து ஓரத்தில் "புல்பென்" என்ற இடத்தில் காத்திருக்கும் ஒருவர் வருவார். நெருக்கடியான 7-வது, 8-வது இன்னிங்ஸில் வந்தவர்தான் பெட்டான்சஸ். 2014 முதல் 2016 வரை 392 பேர் இவருடைய பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆனார்கள்.

ஆனால், பணம் கடைசி இன்னிங்ஸில் இருக்கிறது. சிறு வித்தியாசத்தில் முந்தி நிற்கும் அணியின் வெற்றியைக் கடைசியில் காப்பாற்றினால் "சேவ்" என்று ஒரு கணக்கு எழுதுவார்கள். அந்த வேலைக்காரர் பெயர் "குளோசர்". 2016 டிசம்பரில் யாங்கீஸ் அணி அரோல்டிஸ் சாப்மனை அந்த வேலைக்கு அமர்த்தியது. 5 ஆண்டுக்கு 8 கோடியே 60 லட்சம் டாலர்!

நடுவர்கள் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? அணித் தலைவர் ராண்டி லெவின், "இவர் குளோசர் அல்ல" என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். விசாரணை அறையில் தம்மைக் குறைத்துப் பேசியதைக் கேட்டு மனம் நொந்ததாகப் பெட்டான்சஸ் சொன்னார்.

30 லட்சம் டாலர் குறைந்த பணமா என்று சிலர் கேட்கலாம். குறைவு இல்லைதான். முந்தைய ஆண்டு அவர் வாங்கியது சுமார் 5 லட்சம். சேவ் அதிகம் இல்லாதவருக்கு 50 லட்சம் கொடுத்த வழக்கம் இல்லை என்று அணி சொன்னதிலும் நியாயம் உண்டு. கேள்வி தொகையைப் பற்றியது அல்ல. எந்த இன்னிங்ஸில் யார் எறிவது என்று முடிவு செய்வது யார்? அணிதானே! 8-வது இன்னிங்ஸுக்கு அனுப்பிவிட்டு, "நீ 9-வதில் எறியவில்லை" என்று கூலியைக் குறைப்பது முறையா? அறுவடைக்கு அனுப்பிவிட்டு, "நீ களத்தில் நெல் தூற்றவில்லையே" என்று சொல்வதைப் போல இருக்கிறது. நடுவர்கள் சேவ் கணக்கை மட்டும் எண்ணாமல், நெருக்கடியில் செய்த வேலையையும் எடை போட வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதமே சாப்மனுக்குத் தோளில் வலி வந்து படுத்துவிட்டார். கடைசி இன்னிங்ஸை யாரிடம் கொடுத்தார்கள்? பெட்டான்சஸிடம்தான்! அந்த ஆண்டில் அவர் கணக்கில் 10 சேவ். சம்பளம் அதே 30 லட்சம்.