குழந்தையின் இடுப்பு மூட்டில் சீழ்: ஆபரேஷனுக்கு அப்புறம் 20 வருஷம் (சற்றே நீண்ட த்ரெட்)

"சார், எந்த ஆபரேஷன் பண்ணா இவன் கால் நார்மலா ஆகும்?"

பிறந்த சில வாரத்துல இடுப்பு மூட்டுல சீழ் பிடிச்சு, இப்ப 6, 7 வயசுல சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கற பிள்ளைகளோட அம்மா அப்பா கேக்கற முதல் கேள்வி இதுதான். பல பேர் நகையை அடகு வைக்கற முடிவோடதான் வர்றாங்க.

நான் எம்பிபிஎஸ். அரசு ஆஸ்பத்திரி. கத்தி பிடிக்கறவன் இல்ல. எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பறதுக்கு முன்னாடியும், ஆபரேஷன் முடிஞ்சு வந்த பிறகும் பாக்கறவன். அங்கருந்து சொல்றேன். நார்மலாக்கற ஆபரேஷன் எதுவும் இல்லங்க. இப்ப இருக்கறதைவிட நல்லா நடக்க வைக்கற ஆபரேஷன் இருக்கு. ரெண்டும் வேற வேற. இதைப் பெத்தவங்ககிட்ட யாரும் உக்காந்து பேசறதில்ல.

ஏன் இவ்ளோ சேதம்?

பச்சைக் குழந்தைக்குத் தொடை எலும்போட தலைப்பகுதி முழுக்கக் குருத்தெலும்பு. ரத்தத்துல வர்ற கிருமி எலும்போட மேல்முனையில தங்கினா, அங்கருந்து மூட்டுக்குள்ள போக அந்த வயசுல தடையே கிடையாது. சீழ் குருத்தெலும்பை அரிக்குது. மூட்டுக்குள்ள அழுத்தம் ஏறி, தலைக்குப் போற ரத்தமும் நின்னுடுது. எல்லாம் சில நாளுக்குள்ள. லண்டன்ல தாமஸ் ஸ்மித் 1874லயே இதை எழுதிட்டார். டாம் ஸ்மித் ஆர்த்ரைட்டிஸ்னு இன்னிக்கும் பேரு. அப்ப ஆன்டிபயாடிக் கிடையாது, நிறைய குழந்தைங்க செத்துப்போச்சு. இப்ப பிழைச்சுக்குது. அதனாலதான் 20 வருஷம் கழிச்சு இடுப்பு எப்படி இருக்கும்ங்கற கேள்வியே வருது.

ஒரு சின்னக் கணக்கு. தொடை எலும்போட மேல்முனை வளர்ச்சித் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 3லருந்து 4 மி.மீ. நீளம் குடுக்கும். ஒரு மாசக் குழந்தையில அது மொத்தமா அழிஞ்சா, வளர்ச்சி நிக்கறதுக்குள்ள 5, 6 செ.மீ. குறையும். மூட்டு நழுவி மேல ஏறியிருந்தா இன்னும் கூட. 3 வயசுல "லேசாத்தான் நொண்டுறான்"னு தெரியற கால், 13ல ரொம்ப நொண்டறது இதனாலதான். நோய் திரும்பி வரல. மத்த கால் வளருது, இது வளரல.

சரி, ஆபரேஷன்கள்.

தலை மொத்தமா போயிட்டா, பக்கத்துல இருக்கற பெரிய எலும்பு மேட்டைக் கிண்ணத்துக்குள்ள வெச்சுப் பாக்கறது ஒரு வழி. ஆரம்பத்துல எக்ஸ்ரே அழகா இருக்கும். வருஷம் போகப் போக நிறைய பேருக்கு மூட்டு இறுகும், தேயும், வலி வரும். இன்னொண்ணு, தொடை எலும்பை மேல வெட்டிச் சாய்ச்சு இடுப்பெலும்புக்கு முட்டுக் குடுத்து, கீழ இன்னொரு வெட்டுல இலிசரோவ் வளையம் மாட்டி நீளமாக்கறது. ரஷ்யாவுல குர்கன்ங்கற ஊர்ல இலிசரோவ் கொண்டுவந்த முறை. சாய்வு குறையும், நீளம் கிடைக்கும். ஆனா மாசக்கணக்குல கம்பியோட இருக்கணும். கம்பித் துளையில சீழ் வரலாம், முழங்கால் விறைக்கலாம். சின்ன வயசுல பண்ணா வெட்டின கோணம் வளர்ச்சியில நிமிர்ந்துடும், மறுபடி பண்ண வேண்டி வரும். நாளைக்குச் செயற்கை மூட்டு வைக்கணும்னா அந்த வளைஞ்ச எலும்பே இடைஞ்சல்.

மூட்டை அசையாம ஒட்டிடறதும் உண்டு. வலி போகும், உறுதியா நிக்கலாம். ஆனா சம்மணம் போட முடியாது, இந்தியன் டாய்லெட்ல உக்கார முடியாது. நம்ம ஊர்ல அதை எத்தனை பேர் ஏத்துப்பாங்க? தலையே இல்லாம, நல்லா அசையற இடுப்போட நொண்டிக்கிட்டே, பெரிசா வலி இல்லாம வளர்ந்தவங்க இருக்காங்க. எக்ஸ்ரேயைப் பாத்தா நடக்கவே முடியாதுன்னு தோணும். திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டுல கைப்பிடியைப் பிடிச்சு ஏறிப் போயிடுவாங்க.

அதனாலதான் என் கருத்து: எக்ஸ்ரேக்கு ஆபரேஷன் பண்ணக்கூடாது. வலிக்கும் நடைக்கும் பண்ணணும். யாராவது ஆபரேஷன் சொன்னா ரெண்டே கேள்வி கேளுங்க. "15 வருஷம் கழிச்சு இந்த மூட்டு எப்படி இருக்கும்?" "பின்னாடி செயற்கை மூட்டு வைக்க இது வழி விடுமா?" நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

செயற்கை மூட்டு 20, 30 வயசுல வைக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் உண்டு. ஆனா தாத்தா பாட்டிக்கு வைக்கற மாதிரி சுலபமில்ல. எலும்புக் குழல் குறுகலா இருக்கும். மேல ஏறின எலும்பைக் கீழ இழுக்கறப்ப நரம்பு பாதிக்கலாம். அந்த வயசுல வெச்சா ஆயுசுக்குள்ள ஒரு தடவையாவது மாத்த வேண்டி வரலாம்.

இது எல்லாத்தையும்விட நல்ல ரிசல்ட் குடுக்கற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு: முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள மூட்டைத் திறந்து சீழை எடுக்கறது. குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்காம வெச்சிருக்கா? டயப்பர் மாத்தும்போது வீல்னு கத்துதா? ஜுரம் இல்லைனாலும் உடனே ஓடுங்க. பச்சைக் குழந்தைக்கு ஜுரம் வராமலே இது வரும். ஐசியுல இருந்துட்டு வந்த குழந்தைன்னா இன்னும் கவனம். தடுப்பூசி வலின்னு விட்டுடாதீங்க. சுளுக்கு எடுக்கறேன்னு எண்ணெய் போட்டு உருவ விடவே விடாதீங்க. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாம்பலத்துலருந்து ரயில்ல நாலாவது ஸ்டேஷன். ராத்திரின்னா ஆட்டோ.

அந்தக் கட்டம் தாண்டிட்ட பிள்ளைங்களுக்கு: வளர்ச்சி முடியற 15, 16 வயசு வரைக்கும் வருஷம் ஒருதடவை கால் நீளம் அளந்து, எக்ஸ்ரே எடுக்கணும். இப்பவே செருப்புக்கு அடியில உயரம் வெச்சுக் குடுங்க. கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துல கேளுங்க. பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு வைங்க. 25 வயசுல செயற்கை மூட்டு வைக்கப்போற டாக்டர் முதல்ல கேக்கறது அந்தக் கவரைத்தான்.