ஊசி குற்றமன்று, ஊசிக்குள் இருப்பது குற்றம்

போதைப்பொருளை உட்கொள்பவர் குற்றவாளியா, நோயாளியா? இந்தியச் சட்டம் இக்கேள்விக்கு இரண்டு விடைகளையும் ஒருசேரச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, ஹெராயின் உட்கொண்டவருக்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தலாகாது என்கிறது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நோய்த்தொற்றைத் தடுக்கும் நோக்கில் தூய ஊசிகளை வழங்குவதும் பெறுவதும் குற்றமாகா என்பது அதன் 22ஆம் பிரிவின் சாரம். மணிப்பூர் முதல் பஞ்சாப் வரை அரசுத் திட்டங்களே அந்த ஊசிகளை விநியோகிக்கின்றன. ஆக, ஊசி குற்றமன்று. ஊசிக்குள் இருப்பது குற்றம். சுகாதாரத் துறை தேடிக் கண்டடைய விரும்பும் அதே மனிதரைக் காவல்துறையும் தேடுகிறது. அவர் யாருக்கும் அகப்படாமல் ஒளிந்துகொள்வதில் வியப்பில்லை.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசிவழிப் போதை ஏற்றிக்கொள்வதாக மதிப்பிட்டது. அவர்கள் ஒளிந்து வாழும் ஒவ்வொரு நாளும் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கிருமிகளும் பரவுவதற்கான நாளே.

64ஏ பிரிவே போதாதா என்று கேட்கலாம். போதாது. முதலாவதாக, சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். இடையில் வழுக்கி விழுவது போதை நோயின் இயல்பு என்பதை மருத்துவர்கள் அறிவர். சட்டமோ அதையே காரணமாக்கித் தண்டிக்க இடம் வைத்திருக்கிறது. இரண்டாவதாக, இப்பாதுகாப்பு 27ஆம் பிரிவு வழக்குகளுக்கும் 'சிறிய அளவு' வைத்திருந்தவர்களுக்கும் மட்டுமே உரியது. ஹெராயினுக்கு அந்த எல்லை ஐந்து கிராம். ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்பின்படி, தூய போதைப்பொருளின் எடையன்று, கலப்படம் உள்ளிட்ட மொத்தப் பொடியின் எடையே கணக்கு. ஆறு கிராம் பொடியில் ஹெராயின் அரை கிராம்கூட இல்லாவிட்டாலும், அது 'சிறிய அளவைத்' தாண்டியதாகும். தண்டனை பத்தாண்டு வரை நீளலாம். வசதியுள்ளவன் கையில் தூய சரக்கு இரண்டு கிராம். ஏழை கையில் கலப்படம் ஆறு கிராம். சட்டத்தின் தராசு யார் பக்கம் தாழ்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

குற்றநீக்கம் என்றவுடன், 'கஞ்சாவைக் கடையில் விற்கச் சொல்கிறீர்களா?' என்ற கேள்வி எழுகிறது. பிள்ளைகளைப் போதைக்குப் பறிகொடுத்த பெற்றோரிடமிருந்து அது எழும்போது, அதை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் குற்றநீக்கம் வேறு, விற்பனை அனுமதி வேறு. போர்ச்சுகல் 2001இல் செய்தது முதலாவதைத்தான். பத்து நாள் தேவைக்கு மிகாமல் வைத்திருப்பவர் அங்கே நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி ஆகிய துறைகளைச் சார்ந்தோர் அமர்ந்த குழுவின் முன் செல்கிறார். விற்பவர் இன்றும் குற்றவாளியே. கூடவே சிகிச்சை வசதிகளும் விரிவாக்கப்பட்டன. போதை ஊசியால் பரவும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் அங்கே பெருமளவு குறைந்தன.

எதிர்ப்போர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சுட்டுவர். சுட்டட்டும், அது கற்க வேண்டிய பாடமே. 2021இல் அங்கே தண்டனை நீக்கப்பட்டது. சிகிச்சைக்கான நிதியோ உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. அபராதச் சீட்டு பெற்றவர்களில் உதவி எண்ணை அழைத்தவர்கள் மிகச் சிலர். அதே காலத்தில் ஃபெண்டனில் என்னும் கொடிய போதைப்பொருளும் பரவியது. 2024 செப்டம்பரில் தண்டனை திரும்பி வந்தது. சிறைக் கதவைத் திறந்துவிட்டு மருத்துவமனைக் கதவைத் திறக்க மறந்தால் என்னவாகும் என்பதற்கு ஒரிகன் சான்று. சிறையே மருந்து என்பதற்கு அது சான்றாகாது.

இந்தியா இவ்வழியில் ஒருமுறை நடந்து பார்த்த நாடுதான். தற்கொலைக்கு முயன்றவரை நெடுங்காலம் தண்டனைக்குரியவராக வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறியது. தன் உயிருக்கே தீங்கு தேடியவரைத் தண்டித்துத் திருத்த முடியாது என்று ஒப்புக்கொண்ட அரசு, தன் உடலைச் சிறுகச் சிறுக அழித்துக்கொள்பவரிடம் மட்டும் ஏன் வேறு நீதி பேசுகிறது?

செய்ய வேண்டியவை தெளிவானவை. 27ஆம் பிரிவையும், சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவு வைத்திருப்பதற்கான தண்டனையையும் நீக்க வேண்டும். எடையைக் கணக்கிடும்போது கலப்படத்தை விலக்க வேண்டும். அதற்கு முன்பாக, ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் போதை மீட்பு சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். சிறிய அளவு வைத்திருப்போரைக் குற்றவாளிகளாகக் கருதலாகாது என்ற பரிந்துரை, 2021இல் சமூக நீதி அமைச்சகத்திடமிருந்தே வந்தது. அரசின் ஒரு கைக்குத் தெரிந்த உண்மையை மறு கையும் ஏற்க வேண்டும் என்பதே கோரிக்கை. அதுவரை, சிகிச்சை தேவைப்படுபவர் மருத்துவமனை வாசலுக்கு வரும்முன் காவல் நிலைய வாசலை எண்ணி அஞ்சிக்கொண்டே இருப்பார்.