ஆறு மாத அவகாசம்



விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது பழகிப்போன வழி. வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்ததும் மறுபடி தமிழ்நாடு. அதையும் தாண்டினால் அரியூர், வில்லியனூர் என்று மறுபடி புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை இந்த எல்லைகளின் ஒரு பக்கம் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. நம் தாத்தா பாட்டிகள் பெண் கொடுத்ததும் எடுத்ததும், நெல் விற்றதும், கோயில் திருவிழாவுக்குப் போனதும் இந்த இரண்டு ஆட்சிகளுக்கும் நடுவேதான்.

அதனால்தான் 'பிரான்சில் இருக்கும் மகன் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கலாமா?', 'அங்கே சேர்த்த பணத்தை எந்த பேங்க் கணக்கில் வைப்பது?', 'வரி எங்கே கட்டுவது?' என்றெல்லாம் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வாசகர்கள் கேட்டு எழுதும்போது, அதை எங்கோ தொலைதூரத்து விஷயமாக என்னால் பார்க்க முடிவதில்லை. இந்தக் குடியுரிமைக் கேள்வி நம் மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை ஆயிரக்கணக்கான வீடுகளின் திண்ணைக்கு வந்து நின்றிருக்கிறது. அன்று பதில் சொல்ல ஆறு மாதம்தான் கொடுத்தார்கள்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு அதோடு முடியவில்லை. 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம்.

பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இதுதான் விதி. புதுச்சேரியில் பிறந்து விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ குடியேறியிருந்தவர்களுக்கும் இதே உரிமை தரப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்காகத் தகப்பன் முடிவு செய்தார். அவர் இல்லையென்றால் தாய், இருவரும் இல்லையென்றால் சட்டப்படியான காப்பாளர். அப்படிப் பெற்றோரின் முடிவால் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்த பிள்ளைகள், பதினெட்டு வயதானதும் மறுபடி ஆறு மாதத்துக்குள், 'நாங்கள் இந்தியராகிறோம்' என்று எழுதிக்கொடுக்கலாம்.

மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்த பகுதியில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் சுமார் 5,000 பேர். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள், இந்தோசீனாவில் அரசு வேலை பார்த்துத் திரும்பியவர்கள், அவர்களின் குடும்பங்கள். பென்ஷன் பிராங்கில் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அங்கே என்று நினைத்தவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இரண்டுமே மதிக்கத்தக்க முடிவுகள். என் மனம் தங்குவது மூன்றாவதாக ஒரு கூட்டத்தின் மேல்: செய்தி வந்து சேராத கிராமத்தார், கேட்டும் புரியாதவர்கள், படிவத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருந்துவிட்டவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது இப்படித்தான்.

இன்னொரு நுணுக்கமும் இதில் உண்டு. நம் பகுதிப் பெண்களோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஒப்பந்தம் பேசியது பிரெஞ்சுப் பகுதியில் 'பிறந்த' பிரஜைகளைப் பற்றி மட்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். திண்டிவனம் பக்கத்துப் பெண் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்து, இங்கே பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை பிறந்தது இந்தியப் பகுதியில். அப்படி வெளியே பிறந்தவர்களைப் பற்றி ஒப்பந்தம் தனியாக எதுவும் சொல்லவில்லை. எதையும் எழுதிக்கொடுக்காமலே தங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்கிறது என்று அப்படிப் பிறந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் பின்னாளில் பிரெஞ்சு நீதிமன்றங்களில் வாதாடியது இதை வைத்துத்தான். வளைகாப்பு முடிந்து ஒரு மாட்டுவண்டி எந்தத் திசையில் போனது என்பது, பேரப்பிள்ளைகள் எந்த நாட்டார் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இந்த நினைவோடுதான் இன்றைய கேள்விகளுக்கு வருகிறேன். குடியுரிமை ஒரு முடிவு. வரி எந்த நாட்டில் என்பது வேறொரு கேள்வி. பேங்க் கணக்கு மூன்றாவது. நம் வீடுகளில் மூன்றையும் ஒரே மூச்சில் பேசி, ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறோம். ஏஜென்ட்டுகளும் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். அதில்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

முதலில் குடியுரிமை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். அதன்பின், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்துபோகலாம். ஆனால் ஓட்டு கிடையாது. நம் பக்கத்துக் குடும்பங்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது: விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. தகப்பன் வழியில் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். 'பாரிசில் சம்பாதித்து ஊரில் பக்கத்துக் காணியையும் சேர்த்து வாங்கிவிடலாம்' என்று கணக்குப் போடுகிற மகன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓ.சி.ஐ. வைத்திருப்பவரும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவரும் விவசாய நிலம் வாங்குவதில் ஒரே தடைக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் பின்னவர் ஊரோடு திரும்பி வந்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும். முன்னவருக்கு அந்த வழி அத்தனை எளிதல்ல.

பிரான்சும் முன்புபோல இல்லை. பொதுவாக ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். அங்கேயே உயர்கல்வி முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு போதும். பிரெஞ்சு மொழியில் பி1 நிலை போதும் என்றிருந்ததை 2026 ஜனவரி முதல் பி2 ஆக்கிவிட்டார்கள். ஹோட்டல் சமையலறையில் பத்து மணி நேரம் நிற்பவருக்கு இது சின்னச் சுமையல்ல. திருமண வழியில் வருவதற்கும் நான்கு ஆண்டு இல்லறம் நடந்திருக்க வேண்டும், சில நிலைகளில் ஐந்து. 'நேஷனாலிட்டி உள்ள வரன்' என்று கேட்டதும் வட்டிக்கு வாங்கியாவது சீர் செய்ய முனைகிற பெற்றோர்களுக்கு, உங்கள் பெண்ணின் வயதையொத்த பிள்ளைகளைப் பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பாஸ்போர்ட் என்பது மாப்பிள்ளையின் குணத்துக்குச் சான்று அல்ல. நான்கு ஆண்டும் அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். அவளைக் கேளுங்கள்.

'தாத்தா 1962-இல் பிரெஞ்சுக்காரர், அதனால் எங்களுக்கும் கிடைக்கும்' என்று சொல்லிப் பணம் கறப்பவர்களிடமும் கவனமாக இருங்கள். பரம்பரை பரம்பரையாக அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்து, தானும் சரி, பெற்றோரும் சரி, பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு எந்த அடையாளமும் இல்லாதவர்கள், வம்சாவழியைக் காட்டி நிரூபிக்க முடியாது என்று பிரெஞ்சுச் சிவில் சட்டம் கதவடைக்கிறது. 1962-இலிருந்து எண்ணினால் அந்த ஐம்பது ஆண்டு 2012-இலேயே முடிந்துவிட்டது. தூதரகத்தில் தொடர்ந்து பதிவு, பழைய பிரெஞ்சுப் பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்ற சான்றுகள் உள்ள குடும்பங்களின் நிலை வேறு.

அடுத்தது வரி. அமெரிக்கா தன் குடிமகன் எங்கிருந்தாலும் வரிக்கணக்குக் கேட்கும். இந்தியாவும் பிரான்சும் பெரும்பாலும் பார்ப்பது எங்கே வாழ்கிறீர்கள் என்பதை. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் இந்தியாவில் 'வசிப்பவர்'. குறைவான நாளிலும் சிலர் அதற்குள் வந்துவிடுவார்கள். குறிப்பாக, இங்கே 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் ஊருக்கு வந்தால் 120 நாளையே எண்ணிப் பார்க்க வேண்டும். பிரான்சில் நாளை மட்டும் எண்ணுவதில்லை. குடும்பம் அங்கே இருந்தால், அல்லது தொழில் அங்கே என்றால், அல்லது பொருளாதார நலன்களின் மையம் அங்கே என்றால், ஏதாவது ஒன்றே போதும். கணவர் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றினாலும் மனைவி மக்கள் பாரிசில் இருந்தால் அவர் அங்கே வரி வசிப்பாளர் ஆகலாம்.

இரண்டு நாடுமே 'எங்களவர்' என்றால் என்ன செய்வது? அதற்குத்தான் 1992-இல் கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். நிலையான வீடு எங்கே, உறவும் பொருளும் எந்த நாட்டோடு நெருக்கம், வழக்கமாகத் தங்குவது எங்கே என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். குடியுரிமை வாங்கினால் வரி மாறிவிடும், வாங்காவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற இரண்டு எண்ணமும் தவறு என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

பேங்க் விஷயத்தில் அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்றுதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. உண்மை. பிரான்சில் வசிப்பவர் அதை அங்கே காட்டியாக வேண்டும். வட்டியை மட்டுமல்ல, கணக்கு இருப்பதையே ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். மறைத்த ஒவ்வொரு கணக்குக்கும் 1,500 யூரோ அபராதம். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2017 முதல் இரு நாடுகளும் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன. இதன் மறுபக்கம் ஊர் திரும்புகிறவர்களுக்கு: பிரான்சில் வரியில்லாத 'லிவ்ரே ஆ' சேமிப்பின் வட்டி, நீங்கள் இங்கே முழுமையாக வசிப்பவராக ஆனபின் இந்திய வருமானத்தில் சேரும். நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் என்.ஆர்.இ. கணக்கையும் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. இந்தியாவில் சொத்துக்கு வாரிசு வரி 1985-இலேயே ஒழிந்துவிட்டது. பிரான்சில் இருக்கிறது. வாரிசு அங்கே வசிப்பவராக இருந்து, முந்தைய பத்து ஆண்டுகளில் ஆறு ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால், திண்டிவனத்தில் அப்பா விட்டுச்சென்ற நிலமும் வீடும்கூட அந்தக் கணக்கில் சேரும். பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு ஒரு லட்சம் யூரோ வரை விலக்கு உண்டு. இன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய நிலம் இப்போது என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். இதிலும் குடியுரிமை ஒரு பொருட்டல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வாழும் மகனுக்கும் இதே விதிதான். அப்பா நன்றாக இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வரும் பொங்கல் விடுமுறையிலேயே, இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஆடிட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெண்பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். சொத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 1962-இல் எழுதிக்கொடுத்தவர்களும், வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களும், நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்று பதினெட்டு வயதாயிருந்தவர்கள்கூட இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அந்த ஆறு மாதத்தில் வீட்டில் என்ன பேசினார்கள், யார் வேண்டும் என்றார்கள், யார் அழுதார்கள், படிவத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். பத்திரங்களின் அசலை அனுப்ப வேண்டாம், நகலும் தேவையில்லை. பெயர் வெளிவர வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்